தோல் பறையோடு ஆல்பம்: வீட்டுப் பதிவில் அட்டைப்பெட்டிச் சத்தம்

தேக்கா_தெம்மாங்கு:
மொத்தம் எட்டுப் பாட்டு. வரிகள் எல்லாம் சொந்தம். ஐந்துக்கு மெட்டும் சொந்தம்; மூன்று மட்டும் பழைய தாலாட்டு, கும்மி மெட்டில் உட்கார்ந்தவை. குரல், கிட்டார், தோல் பறை ஒன்று, உறுமி ஒன்று. நான்கறை வீட்டுப் படுக்கையறையில் ஒரே கண்டென்சர் மைக்கை (நுண்ணொலியும் பிடிப்பது) வைத்துச் சோதனைப் பதிவு எடுத்ததில், பறை அட்டைப்பெட்டியைத் தட்டுகிற மாதிரி விழுகிறது. 400 ஹெர்ட்ஸைக் குறைத்தால் பறையே செத்துவிடுகிறது. போதாததற்கு, குரல் அதற்கடியில் அமுங்குகிறது. சிங்கப்பூரில் ஏப்ரலில் வரும் தமிழ்மொழி விழாவுக்குள் வெளியிட வேண்டும். பறையை எப்படி எடுப்பது? பழைய மெட்டுக்கு இசை என்று யார் பெயரைப் போடுவது?

சிண்டுக்குச்சி:
ஈக்யூவை (அலைவரிசைகளை ஏற்றி இறக்குவதை) தொடாதீர்கள், கோளாறு அங்கே இல்லை. முதல் காரணம் தோல். நம்ம ஊர் ஈரப்பதம் பெரும்பாலான நாள் 80 விழுக்காட்டுக்கு மேல். தோல் தளர்ந்தால் தடித்த அடிக்குச்சியின் 'தொம்' பரவிப்போகும், மெல்லிய சிண்டுக்குச்சியின் 'கிட' மழுங்கும். வீவக அடுக்குமாடி வீட்டில் வைக்கோல் கொளுத்திக் காய்ச்ச முடியாது. ஹேர் டிரையர் போதும். 30 செ.மீ. தள்ளி, பின்பக்கத்திலிருந்து, வட்டமாகச் சுற்றிக்கொண்டே காட்டுங்கள். ஒரே இடத்தில், அதுவும் விளிம்பில், நிறுத்தினால் பசை விட்டுத் தோல் கழன்றுவரும். காய்ந்ததும் டியூனர் செயலியில் எத்தனை ஹெர்ட்ஸ் என்று பார்த்துக் குறித்துவையுங்கள். ஏர்கோனில் தோல் இறுகிச் சுருதி ஏறும், அணைத்தால் இறங்கும். குறிப்பு இல்லையென்றால் இன்றைய டேக்கும் நாளைய டேக்கும் ஒட்டாது. இரண்டு டேக்குக்கு ஒருமுறை பாருங்கள்.

இரண்டாவது, அறை. சுவருக்குச் சுவர் 3 மீட்டர் என்றால் 57, 114 ஹெர்ட்ஸில் ஒலி தேங்கி நிற்கும். 2.6 மீட்டர் கூரை தன் பங்குக்கு 66, 132 சேர்க்கும். கூடவே வெறும் சுவரில் பட்டு உடனே திரும்புகிற எதிரொலி. அட்டைப்பெட்டி அதுதான். பறைக்கும் உறுமிக்கும் மட்டும் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஜாமிங் அறைக்குப் போய்விடுங்கள். பக்கத்து வீட்டுக்காரரும் வாழ்த்துவார்.

மைக் இரண்டு வேண்டும். முன்னால் டைனமிக் (பலத்த சத்தம் தாங்கும் மைக்) ஒன்று: 40 செ.மீ. தள்ளி, தோலின் நடுவுக்கு நேராக இல்லாமல், மையத்துக்கும் விளிம்புக்கும் இடையே சாய்த்து. பின்னால் கண்டென்சர், அதே தூரத்தில். பின் மைக்கின் போலாரிட்டியை (ஒலியலையின் திசையை) திருப்ப மறந்தால் இரண்டையும் சேர்க்கும்போது அடித்தொனி காணாமல் போகும். பலமான அடி -10 டிபியைத் தாண்டாமல் கெயின் (பதிவாகும் அளவு) வையுங்கள். பறையின் முதல் தாக்கு மீட்டர் காட்டுவதைவிட வேகமானது.

உறுமியில் தேய்க்கும் பக்கத்தின் சத்தம் மெல்லிசு. அங்கே 15 செ.மீ., அடிக்கும் பக்கம் 30. பழக்கதோஷத்தில் 100 ஹெர்ட்ஸில் லோ கட் (அதற்குக் கீழுள்ள ஒலியை வெட்டுவது) போட்டால் உறுமுகிற அந்த இழுவையே போச்சு.

தேக்கா_தெம்மாங்கு:
நன்றி அண்ணே. நட்டு போல்ட்டு வைத்த ஃபைபர் பறை எடுத்தால் காய்ச்சும் வேலை மிச்சமாகுமா?

சிண்டுக்குச்சி:
மிச்சம்தான், ஈரம் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் அடித்தபிறகு கூர்மையாக ரீங்காரம் நிற்கும். விளிம்பில் இரண்டு விரல் அகலத் துணி டேப் ஒட்டினால் அடங்கும். கூட்டமாக அடிக்கும் இடத்துக்குச் சரி. தனிக்குரல் தாலாட்டுக்குத் தோல்தான்.

மிக்ஸ்_பொட்டலம்:
குரல் அமுங்குவதற்கு: சிண்டுக்குச்சியின் வெடிப்பும் க, ச, த, ப போன்ற வல்லினங்களும் 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸுக்குள் மோதுகின்றன. குரலை ஏற்றினால் சத்தம் கூடும், சொல் புரியாது. சரணத்தில் அடிக்குச்சி மட்டும், வரிக்கும் வரிக்கும் இடையில் சிண்டுக்குச்சி என்று அடியையே மாற்றுங்கள். நாட்டுப்புறத்தில் பாட்டு நிற்கும் இடத்தில்தானே பறை பேசும்! அதற்கும் மிஞ்சினால், குரல் வரும்போது மட்டும் பறையில் 3 கிலோஹெர்ட்ஸை 2–3 டிபி இறக்கும் டைனமிக் ஈக்யூ.

கிளிக்கை (காதில் கேட்கும் தாளத் தட்டை) 4/4இல் போட்டுக் கும்மியை அடிக்காதீர்கள். மும்மூன்றாக நடக்கும் திஸ்ர நடைக்கு 6/8 வையுங்கள். பிறகு அடிகளைக் கட்டத்துக்குள் நேராக்கும் குவாண்டைஸ் பொத்தானைத் தொடவே வேண்டாம், ஆட்டம் செத்துவிடும்.

மாஸ்டரில், அதாவது இறுதி வடிவத்தில், ஸ்பாட்டிஃபை -14 லஃப்ஸுக்கு (கேட்கும் சத்தத்தின் அளவு) சமன்செய்யும். லிமிட்டரில் நசுக்கி -8க்கு ஏற்றினால் அவர்கள் இறக்கத்தான் போகிறார்கள். அதற்குள் பறையின் தாக்கு மட்டும் தேய்ந்திருக்கும். ட்ரூ பீக் (ஒலியின் உண்மையான உச்சம்) -1 டிபி.

குரலை வீட்டிலேயே எடுக்கலாம். துணி நிறைந்த அலமாரியைத் திறந்து அது முதுகுக்குப் பின்னால் இருக்கப் பாடுங்கள், ஏர்கோனை அணைத்துவிட்டு.

சரணம்_பல்லவி:
பெயர் விஷயம். அந்த மூன்றுக்கும் வரிகள் உங்கள் பெயர். இசை என்ற இடத்தில் 'மரபு மெட்டு', இசைக்கோவை உங்கள் பெயர். மெட்டு பொதுச்சொத்து என்றாலும், அதை யாரோ பாடிப் பதிவுசெய்த ஒலி தானாகப் பொதுச்சொத்து ஆகிவிடாது. உரிமைக்காலம் முடியாத பதிவிலிருந்து வெட்டி ஒட்டுவதானால் அனுமதி வாங்குங்கள். அந்த மெட்டு உண்மையிலேயே மரபா, பழைய படத்தில் இசையமைப்பாளர் போட்டதா என்பதையும் பாருங்கள். பலர் வழுக்குவது இங்கேதான்.

யூடியூப் கண்டென்ட் ஐடியை (ஒரே ஒலி வரும் காணொளிகளைத் தானாகக் கண்டுபிடித்து உரிமை கோருவது) இந்த மூன்றுக்கும் போடாதீர்கள். உங்களுக்கு மட்டுமே உரிமை உள்ள ஒலிக்குத்தான் அது. அதே தாலாட்டை வேறொருவர் பாடினால் அவர் காணொளியில் போய் உரிமை கோரி உட்கார்ந்துகொள்ளக்கூடும்.

சொற்களுக்கும் மெட்டுக்கும் வரும் உரிமத்தொகை காம்பஸ் (சிங்கப்பூர் இசையமைப்பாளர், பாடலாசிரியர் சங்கம்) வழியாக, பதிவுக்கு வருவது விநியோகத் தளம் வழியாக. இரண்டும் வேறு, காம்பஸில் உறுப்பினராகி எட்டையும் தனித்தனியாகப் பதியுங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் 12 எழுத்து ஐஎஸ்ஆர்சி எண் (அந்தப் பதிவின் அடையாளம்) வரும். கரோக்கி வடிவத்துக்குத் தனி எண்.

பறை, உறுமிக்காரர்களிடமும் ஒலிப்பதிவாளரிடமும் ஒரு பக்க ஒப்பந்தமாவது எழுதி வாங்குங்கள். சிங்கப்பூர்ப் பதிப்புரிமைச் சட்டத்தில் முன்பு காசு கொடுத்துப் பதிவுசெய்யச் சொன்னவருக்கே உரிமை. 2021 நவம்பர் 21 முதல், எழுத்தில் வேறு மாதிரி இல்லையென்றால் உருவாக்கியவருக்கு. வாசித்தவர் பெயரைச் சொல்வதும் இப்போது சட்டக் கடமை, மரியாதை மட்டுமல்ல.

ஏப்ரல் என்றால் பிப்ரவரி முடிவுக்குள் மாஸ்டர் கையில் இருக்கட்டும். ஸ்பாட்டிஃபை பாட்டுப் பட்டியலுக்கு வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்னதாக விண்ணப்பிப்பது நல்லது, அதற்குள் பாட்டு தளத்தில் ஏறியிருக்க வேண்டும். 30 விநாடி கேட்டால்தான் ஒரு கேட்பாகக் கணக்கு. அதனால் ஒரு நிமிட உறுமி முன்னோட்டத்தை முதல் பாட்டில் வைக்காமல் கடைசிப் பாட்டுக்குத் தள்ளுங்கள்.