அம்மாவின் சாமான் அறையை ஒதுக்க வேண்டும். எரிக்காமல் எப்படிச் செய்வது?

கோண்டாவில் மகள்:
வணக்கம். எங்கள் வீட்டில் ஓர் அறைக்குள் கால் வைக்க இடமில்லை. 40க்கு மேல் பால்மா பேணிகள், ஜாம் போத்தல்கள், கட்டுக்கட்டாக ஷொப்பிங் பைகள், பழைய பஞ்சாங்கங்கள். செத்தவீடுகளின் 31ஆம் நாளில் தந்த கல்வெட்டுகள், அதாவது இறந்தவரின் நினைவு மலர்கள், மட்டும் ஒரு பெட்டி நிறைய. அம்மாவுக்கு 74 வயது, முழங்கால் வருத்தம். இரவில் தட்டுப்பட்டு விழுந்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

போன மாதம் அவர் கோவிலுக்குப் போன நேரம், இரண்டு உரப்பை நிறையப் போத்தல்களை வெளியில் வைத்துவிட்டேன். வந்தவர் ஒன்றும் பேசவில்லை. ஒவ்வொன்றாகத் துடைத்துத் திரும்ப உள்ளே வைத்தார். அதைப் பார்த்தபிறகு எனக்கு எதிலும் கை வைக்க மனமில்லை. பக்கத்து வளவில் செய்வதுபோலக் கொளுத்தவும் விருப்பமில்லை, பிளாஸ்டிக் புகை எங்கள் கிணற்றடி வரை வரும்.

வடமராட்சி அக்கா:
தங்கச்சி, போர் நடந்தபோது பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெய் கிடைப்பதே பெரும்பாடு. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அது ஊறும் அளவுக்கு எண்ணெய், ஒரு திரி. அந்த வெளிச்சத்தில்தான் நான் சோதனைக்குப் படித்தேன். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து சனம் கையில் அகப்பட்டதோடு தென்மராட்சிக்கு நடந்தது. திரும்பி வந்தபோது எத்தனையோ வீடுகளில் ஒரு பேணிகூட மிஞ்சவில்லை. உங்கள் அம்மா ஏன் துடைத்து வைத்தார் என்று எனக்கு விளங்குகிறது.

என் அம்மாவோடு ஒரு நாளைக்கு ஒரு கடகம் (பனையோலைக் கூடை) என்று வைத்துக்கொண்டேன். அவரைக் கதிரையில் இருத்தி, கடகத்தை முன்னால் வைத்து, “இதை ஆருக்குக் குடுக்கலாம்?” என்று கேட்பேன். “எறியட்டோ?” என்று ஒரு நாளும் கேட்டதில்லை. எங்கள் ஒழுங்கையில் ஊறுகாய் போட்டு விற்கும் அக்காவுக்கே பாதிப் போத்தல் போனது. ஆறு மாதம் எடுத்தது, பரவாயில்லை.

நல்லூர்த் தம்பி:
அக்கா, கல்வெட்டுகளைத் தயவுசெய்து பழைய பேப்பரோடு போடாதீர்கள். இடம்பெயர்வில் ஆவணங்களைத் தொலைத்த குடும்பங்களுக்கு அதில் உள்ள வம்சாவளிதான் மிஞ்சிய பதிவு. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் இப்படியான நினைவு மலர்களை எண்ணிமப்படுத்தி வைக்கிறார்கள், அவர்களிடம் கேளுங்கள். அதுவரை பெட்டியை நிலத்தில் வைக்க வேண்டாம், கறையான் விடாது.

சுன்னாகத்தான்:
உள்ளே வருவதை நிறுத்தாமல் அறை வெளிக்காது. 20 மைக்ரோனுக்குக் குறைந்த பொலித்தீனை 2017 செப்டெம்பரில் தடை செய்தார்கள், ஆனாலும் சந்தைக்குப் போனால் பை வந்துகொண்டேதான் இருக்கிறது. நான் மரக்கறிக்குப் பனையோலைப் பையும் மீனுக்கு மூடிச் சட்டியும் கொண்டு போகிறேன். துருப்பிடித்த பேணிகளைப் பழைய இரும்புக்காரர் எடுப்பார். வளவுச் சருகையும் கொளுத்தாமல் தென்னம்பாத்திக்குள் தாழுங்கள்.

கோண்டாவில் மகள்:
எல்லோருக்கும் நன்றி. நேற்றுப் பின்னேரம் முதல் கடகம். 17 போத்தலில் 11ஐ அம்மாவே ஆட்களின் பெயர் சொல்லித் தந்தார். மூடியில் துளை போட்ட ஒன்றை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு, “இந்த வெளிச்சத்திலைதான் உனக்கு அரிவரி சொல்லித் தந்தனான்” என்றார். அது சாமியறைத் தட்டில் இருக்கிறது. மிச்சம் ஐந்தும் இன்னும் கடகத்துக்குள்தான். தம்பி, கல்வெட்டுகளைக் கொடுக்க முதல் எங்கள் சொந்தக்காரரின் பக்கங்களைப் படம் எடுத்து வைக்கட்டா?