தோட்டம் போச்சு, கோயிலும் போச்சு: கடைவீட்டு வாடகை யாருக்கு?

கடைவீட்டுப்பேரன்:
கொள்ளுத்தாத்தா மலேசியாவின் பினாங்கில், ஜார்ஜ்டவுன் கடைவீடு ஒன்றை உயிலில் தர்மத்துக்கு எழுதி வைத்தார். செபராங் பிறையில் அவர் கங்காணியாக இருந்த தோட்டத்து மாரியம்மனுக்கு அந்த வாடகையில் விளக்கெண்ணெய், திருவிழா அன்னதானம். இப்போது தோட்டம் விற்றாகிவிட்டது. சிலை பக்கத்து ஊர்க் கோயிலில் ஒரு மூலையில் இருக்கிறது. 1999 முடியும்வரை வாடகைக் கட்டுப்பாடு, எண்ணெய்க்கே இழுபறி. 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஊர் ஏறியது, இன்று அங்கே காப்பிக்கடை, பணம் குவிகிறது. குடும்பத்துக்கே திரும்ப வேண்டும் என்கிறார் சித்தப்பா. சரியா?

பட்டர்வொர்த்ராஜா:
சித்தப்பா பக்கம்தான் நியாயம். கோயிலே இல்லை, யாருக்கு எண்ணெய்? எழுதியவர் வாரிசுக்குத்தான் போக வேண்டும்.

குமாஸ்தா:
முப்பது வருசம் வக்கீல் ஆபீசில் இருந்தவன் சொல்கிறேன், அப்படி இல்லை தம்பி. நோக்கம் தொடக்கத்திலேயே நடக்காமல் போயிருந்தால்தான், கொடுத்தவருக்குப் பொதுவாகத் தர்மம் செய்யும் எண்ணம் இருந்ததா என்று பார்ப்பார்கள். அந்த எண்ணம் இல்லையென்றால் வாரிசுக்குத் திரும்பும். இங்கே பல வருசம் விளக்கு எரிந்திருக்கிறது. கொடுத்தது கொடுத்ததுதான். பழைய நோக்கத்துக்கு மிக நெருங்கிய நோக்கத்துக்கு நீதிமன்றம் மாற்றிவிடும். சை பிரே என்பது இதுதான்.

தமிழ்ப்பள்ளிடீச்சர்:
ஐயா, அப்படியானால் அருகிலிருக்கும் தமிழ்ப்பள்ளிக்குக் கொடுக்கலாமே! எண்ணெயைவிடப் பிள்ளைகள் படிப்பு முக்கியம் இல்லையா?

குமாஸ்தா:
முக்கியம்தான் டீச்சர். ஆனால் இன்னும் நல்ல காரியம் இருக்கிறது என்பது மட்டும் போதாது. பழைய காரியம் முடியாது, அல்லது நடைமுறைக்கு ஒத்துவராது என்று காட்ட வேண்டும். 1960இல் இங்கிலாந்து இந்த விதியைத் தளர்த்தியது. நம் சிவில் சட்டம் மேற்கு மலேசியாவுக்கு எடுத்துக்கொள்வது 1956 ஏப்ரல் 7 வரையிலான ஆங்கிலச் சட்டத்தை. அந்தத் தளர்வு நமக்குத் தானாக வராது. அம்மன் இருக்கும் கோயிலிலேயே விளக்கேற்றலாம் என்றால் பள்ளி எப்படி நெருங்கிய நோக்கம் ஆகும்? அறங்காவலர் தாமாக மாற்றினால் அது நம்பிக்கைத் துரோகம். சட்டத்துறைத் தலைவர் வழக்குப் போடலாம், அல்லது அவருடைய எழுத்துபூர்வ சம்மதத்தோடு அக்கறை உள்ள இருவர் போடலாம்.

பட்டர்வொர்த்ராஜா:
வக்கீல் பீஸே வாடகையைத் தின்றுவிடும். சிவன் சொத்து குல நாசம் என்பது இதைத்தான் போலிருக்கிறது.

குமாஸ்தா:
ஹா ஹா. இங்கே அம்மன் சொத்து. செலவை அறக்கட்டளைப் பணத்திலிருந்தே எடுக்க நீதிமன்றத்திடம் கேட்கலாம். அதிருக்கட்டும், பேரா, உயிலில் என்ன எழுதியிருக்கிறது? வார்த்தையை அப்படியே போடு.

கடைவீட்டுப்பேரன்:
அம்மா பெட்டியிலிருந்து எடுத்தேன் மாமா. ‘மாரியம்மனுக்கு விளக்கும் சனங்களுக்குச் சோறும் நடத்தி, இடது அறை வாடகையை வருசா வருசம் என் திதிக்கு வைக்கவும்.’

குமாஸ்தா:
அப்படிப் போடு! திதி வேறு கதை. பினாங்கு யாப் சியா நியோ வழக்கில், கணவருக்கும் தனக்கும் நினைவுச் சடங்கு நடத்த ஒரு அம்மாள் எழுதிவைத்த வீட்டைப் பற்றி 1875இல் ப்ரிவி கவுன்சில் (அன்று நமக்கு மேல்முறையீட்டின் கடைசிப் படியாக லண்டனில் இருந்த மன்றம்) தீர்ப்புச் சொன்னது. அது குடும்பத்துக்கு மட்டும், ஊருக்குப் பயனில்லை, ஆகவே தர்மம் அல்ல, காலத்துக்கும் கட்டிவைக்க முடியாது. அந்த இடது அறை மட்டும் வாரிசுகளுக்கு விழலாம். விளக்கும் சோறும் அம்மனோடுதான்.

பட்டர்வொர்த்ராஜா:
சித்தப்பாவிடம் சொல்லு தம்பி, கடைவீடு இல்லை, ஒரு அறைதான். அதுவும் திதி அறை!