‘வளங்குன்றா’ வேண்டாம், ‘பேண்நெறி’ கொள்ளலாம்: ஒரு பரிந்துரை

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். கற்பவரின் உலகநோக்கையே மாற்றி, இயற்கையைக் காத்து வாழக் கற்பிக்கும் கல்விக்கு (transformative sustainability education) கல்வியியல் சொல்லடைவுக்கென இங்கே முன்வைக்கப்பட்ட ‘வளங்குன்றா வளர்ச்சிக்கான உருமாற்றக் கல்வி’ என்னும் தொடரை ஏற்பதற்கு முன், என் மறுப்பையும் மாற்றுப் பரிந்துரையையும் பதிவு செய்ய விரும்புகிறேன். தொல்குடி மக்களின் உலகநோக்கும் மேலை உலகநோக்கும் ஒரே வகுப்பறையில் எவ்வாறு சந்திக்கலாம் என்பது இந்தத் துறையின் முதன்மையான கேள்விகளுள் ஒன்று. அப்படியிருக்க, துறையின் பெயரே ஒரு பக்கம் சாய்ந்துவிடக் கூடாது.

1987-இல் வெளியான, ஐ.நா.வின் சூழல்-வளர்ச்சி ஆணையமான புருண்ட்லாண்ட் ஆணையத்தின் அறிக்கை, வருந்தலைமுறையினர் தம் தேவைகளை நிறைவு செய்துகொள்ளும் ஆற்றலுக்கு ஊறு நேராமல் இன்றைய தேவைகளை நிறைவு செய்யும் வளர்ச்சியைப் பற்றிப் பேசியது. அந்தப் பொருளுக்கு ‘வளங்குன்றா’ பொருந்தவே செய்கிறது. பொருளியல் பாடநூலில் அது இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் காட்டையும் ஆற்றையும் ‘வளம்’ என்று சொன்ன உடனேயே அவை மனிதர் எடுத்துப் பயன்படுத்துவதற்கான இருப்பாகிவிடுகின்றன. குன்றாமல் காப்பதும் அந்த இருப்பின் கணக்கைச் சரிபார்ப்பதாகச் சுருங்கிவிடுகிறது.

நான் வாழும் கேரள மலைப்பகுதியான அட்டப்பாடியில், இருளர், முடுகர், குறும்பர் ஆகிய தொல்குடியினரின் ஊர்களில் ஊர்த்தலைவரான மூப்பனுக்குத் துணையாகப் பண்டாரி, குறுதலை, மண்ணுக்காரன் என்று பொறுப்பாளர்கள் உண்டு. விதைப்புக்கு முன் மண்ணுக்குச் செய்யவேண்டிய சடங்கை மண்ணுக்காரன் செய்து தொடங்கிவைத்த பிறகே மற்றவர்கள் விதைப்பது மரபு. பஞ்சக்காடு எனப்படும் கலப்புப்பயிர் நிலத்தில் ராகி, சாமை, துவரை, அவரை, கீரை எல்லாம் ஒன்றாகக் கலந்து விதைக்கப்படும். சில பருவங்களுக்குப் பின் அந்த நிலம் மீண்டும் காடாக விடப்படும். மண்ணிடம் ஒப்புதல் பெற்றுத் தொடங்குகிற இந்த உறவை ‘வளம்’ என்ற சொல்லுக்குள் எப்படி அடக்க முடியும்? காடழிந்து வறண்டுபோன இதே மலைச்சரிவுகளை மீட்பதற்காக ஜப்பானியக் கடனுதவியோடு 1990-களில் தொடங்கிய பெருந்திட்டத்தின் பெயரிலேயே ‘தரிசுநிலம்’ இருந்தது. திட்டம் செய்த நன்மையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஒரே நிலத்தை இருவர் எவ்வளவு வேறாகப் பெயரிடுகிறார்கள் என்பதை மாணவர் உணரவேண்டும் என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

மலையாளத்தில் பயிற்சி பெறும் எங்கள் பகுதி ஆசிரியர்கள் ‘சுஸ்திர விகசனம்’ என்று கேட்டு அதை ‘நிலையான வளர்ச்சி’ என்று தமிழில் எழுதுகிறார்கள். இடைவிடாமல் வளர்ந்துகொண்டே போவது என்றுதான் பிள்ளைகள் அதைப் பொருள்கொள்கிறார்கள். ஆகவே அதுவும் உதவாது.

என் பரிந்துரை ‘பேண்நெறி’. உடலைப் பேணுகிறோம், பெற்றோரைப் பேணுகிறோம், விருந்தினரைப் பேணுகிறோம். கடவுளைப் பேணுதல் சங்கப் பாடல்களிலேயே உண்டு. காத்தல், மதித்தல், வழிபடுதல் ஆகிய மூன்றும் ஒரே வினையில் அமைந்திருப்பதால், நீர்மட்டத்தை அளக்கும் பொறியாளரும் மண்ணுக்காரரும் தத்தம் பொருளோடு அதற்குள் நிற்க இடமிருக்கிறது. இலங்கைத் தமிழர் எழுதும் ‘பேண்தகு’ இதற்கு நெருங்கிய உறவு. ஆனால் அது பெயரடையாக மட்டுமே நிற்கிறது, நமக்குத் தேவை ஒரு பெயர்ச்சொல். புணர்ச்சி விதிப்படி ‘பேணெறி’ என்றே வரவேண்டும் என்று அறிஞர்கள் சுட்டக்கூடும். ‘பேண்தகு’வை நாம் ‘பேண்டகு’ என்று எழுதுவதில்லை. தெளிவு கருதி இங்கும் அந்த நெகிழ்வைக் கொள்ளலாம்.

அடுத்து ‘உருமாற்ற’. பாறைக்கும் பூச்சிக்கும் நாம் ஏற்கெனவே வழங்கிவிட்ட சொல் அது. அவற்றில் மாறுவது உருவம். 1978-இல் அமெரிக்கக் கல்வியியலாளர் ஜாக் மெசிரோ, இடைநின்ற படிப்பைத் தொடரக் கல்லூரிக்குத் திரும்பிய அமெரிக்கப் பெண்களை ஆராய்ந்து உருமாற்றக் கற்றல் என்னும் கருத்தை முன்வைத்தபோது, உலகைப் பார்க்கும் சட்டகமே மாறுவதைத்தான் குறித்தார். அவர் அப்போது கையாண்ட தொடரே நோக்கின் மாற்றம் (perspective transformation) பற்றியது. எனவே ‘நோக்குமாற்றக் கல்வி’ மூலத்துக்கு மிக அருகில் நிற்கிறது, ‘உலகநோக்கு’ என்பதோடும் இயல்பாக இணைகிறது. முழுத்தொடர் ‘நோக்குமாற்றப் பேண்நெறிக் கல்வி’ என்றாகும்.

தொல்குடி உலகநோக்கைத் ‘திணைநோக்கு’ என்று அழைக்கலாம் என்று கோவை நண்பர் எழுதியது அழகான எண்ணம். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைத்து வாழ்வைச் சொல்லும் தொல்காப்பிய மரபு இந்தக் கல்விக்கு உரிய பாடமும்கூட. ஆயினும் நான் உடன்படவில்லை. இருளருக்கோ கனடாவின் மிக்மாக் மக்களுக்கோ உரிய நோக்குக்கு நம் இலக்கணத்தின் பெயரைச் சூட்டினால், அவர்கள் சொல்லவருவதை நாமே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறோம். மிக்மாக் மூத்தோரான ஆல்பர்ட் மார்ஷல், மர்டினா மார்ஷல் இருவரும் 2004-இல் முன்வைத்த கோட்பாட்டில், ஒரு கண் தொல்குடி அறிவின் வலிமையையும் மறு கண் மேலை அறிவின் வலிமையையும் காண்கின்றன. எல்லோருடைய நன்மைக்காகவும் இரண்டையும் சேர்த்தே பயன்படுத்த வேண்டும். ஒன்று மற்றொன்றை விழுங்குவதற்கு அங்கே இடமில்லை. அதனை ‘இருகண் நோக்கு’ என்று தமிழாக்கி, ‘எட்டுவாப்ட்மும்க்’ என்னும் மிக்மாக் சொல்லையும் உடன் பதியலாம்.

‘பழங்குடி’ சட்டப் பட்டியலோடு பிணைந்திருப்பதால், பொதுப்பொருளுக்குத் ‘தொல்குடி’ போதும். மேலை நோக்கை மட்டும் ‘அறிவியல் நோக்கு’ என்று எவரும் பதிய வேண்டாம். எந்த விதையை எந்த மழைக்கு இடுவது என்று அறிந்திருப்பதும் அறிவியல்தான். மறுப்பு இருப்பின் காரணத்தோடு எழுதுங்கள். ‘நெறி’ என்பதில் அறநூல் வாடை மிகுதி என்று கருதுவோரின் கருத்தை முதலில் அறிய விரும்புகிறேன்.