சுமாத்ராப் பக்கம் ஏன் அடுத்தடுத்து அதிருது?

வட்டுவாகலான்:
2004 சுனாமிக்குப் பிறகு, அங்க இருந்த அழுத்தமெல்லாம் போட்டுது இனி நூறு வருசத்துக்குப் பயமில்லை எண்டுதான் எங்கட முல்லைத்தீவுக் கரையில கதைச்சவை. ஆனா மூண்டு மாசத்தில, 2005 மார்ச்சில சுமாத்ராவுக்குப் பக்கத்து நியாஸ் தீவில 8.6 அளவில நிலநடுக்கம், 2007 இல 8.4, 2012 ஏப்ரலில திரும்பவும் 8.6. அண்டைக்கு நாங்கள் மீளக் குடியேறின கையோட பிள்ளையளையும் தூக்கிக்கொண்டு முள்ளியவளைப் பக்கம் ஓடினது, தண்ணி வரேல்ல. முந்தி இவ்வளவு காலம் சும்மா கிடந்தது ஏன் இப்ப கூட்டமா வருது?

மாங்குளத்தான்:
அரைவாசி சரி. நிலத்துக்குக் கீழ இருக்கிற பிளவில உடைஞ்ச துண்டில அழுத்தம் குறையும், ஆனா அதின்ர ரெண்டு நுனியிலயும் கூடும். கம்பி வேலியில ஒரு கட்டை முறிஞ்சா பக்கத்துக் கட்டையள் இழுபடுந்தானே. நியாஸ், 2004 இல உடைஞ்சதுக்குத் தெற்கால ஒட்டிக்கொண்டு கிடந்த துண்டு. துருக்கியில இன்னும் வடிவாத் தெரியும், வட அனத்தோலியப் பிளவு 1939 இல எர்சின்ஜானில தொடங்கி 42, 43, 44 எண்டு மேற்கால மேற்கால போய் 1999 ஓகஸ்டில இஸ்மித், அதே நவம்பரில டுஸ்ஜே (அது மட்டும் திரும்பிக் கிழக்கால!)
2012 வேற கதை. அது ரெண்டு நிலத்தட்டு முட்டுற கடலடிப் பள்ளத்தில இல்லை, அதுக்கு மேற்கால ஒரு தட்டுக்குள்ளயே பக்கவாட்டில வழுக்கினது, கடலடி பெரிசா எழும்பேல்ல, அதான் தண்ணி வரேல்ல.

மல்லாவிப் பெடியன்:
அப்ப அடுத்தது எப்ப எண்டு கணக்குப் போடலாமே?

பழைய ரீச்சர்:
ஏலாது தம்பி. கலிபோர்னியாவில பார்க்ஃபீல்ட் எண்டொரு இடம், 1857 இல இருந்து 1966 வரைக்கும் சராசரி 22 வருசத்துக்கு ஒருக்கா அதிர்ந்தது, 1993 க்குள்ள வரும் எண்டு கருவியெல்லாம் பூட்டிக் காத்திருந்தவை, வந்தது 2004 செப்டெம்பரில.
ஆனா பழசை வாசிக்கலாம். சுமாத்ராவுக்கு மேற்கால கிடக்கிற மெந்தாவாய்த் தீவுகளில நிலம் எழும்பினா முருகைக்கல்லின்ர தண்ணிக்கு மேல வந்த பக்கம் செத்துப்போகும், கீழ்ப்பக்கம் வளரும், வருச வளையத்தை எண்ணினா எப்ப எழும்பினது எண்டு தெரியும். கெரி சீ எண்ட புவியியல் ஆராய்ச்சியாளரும் அவரின்ர ஆக்களும் அப்பிடித்தான் பார்த்தவை: 1797, 1833 எண்டு ஒரு சோடிப் பெரிய நிலநடுக்கம், அதுக்கு முந்தியும் ஏறத்தாழ 200 வருசத்துக்கு ஒருக்கா இப்பிடிக் கூட்டம் கூட்டமா. 2007 புதுக் கூட்டத்தின்ர தொடக்கம் எண்டது அவையின்ர கருத்து, மிச்சத் துண்டு இன்னும் உடையேல்ல.

வட்டுவாகலான்:
ஐயோ ரீச்சர், அது உடைஞ்சா எங்களுக்கு?

பழைய ரீச்சர்:
அலை பிளவுக்குச் செங்குத்தாத்தான் கூடுதலாப் போகும். 2004 இல உடைஞ்சதில பெரும்பகுதி வடக்கு தெற்காக் கிடந்தபடியா நேர எங்கட பக்கம் வந்தது. மெந்தாவாய் தென்மேற்கைப் பார்த்துக் கிடக்குது, எங்களுக்குப் பலம் குறையத்தான் வரும். வராது எண்டு சொல்லேல்ல.