பழைய லோடர் சூடானதும் தூக்க மறுக்கிறது: பம்ப் போய்விட்டதா?

மண்வெட்டி:

அப்பா காலத்து ஃப்ரன்ட் லோடர் ஒன்று என்னிடம் இருக்கிறது. ஆயிலைத் தள்ள ஒரு கியர் பம்ப், பூமை (பக்கெட்டைத் தாங்கும் கையை) தூக்க இரண்டு சிலிண்டர், லீவர்கள், அவ்வளவுதான். எலெக்ட்ரானிக்ஸ் எதுவும் கிடையாது. காலையில் ஸ்டார்ட் செய்தால் புதுசு மாதிரி தூக்குகிறது. ஒரு மணி நேரம் மண் அள்ளி ஆயில் சூடானதும் தளர்ந்துவிடுகிறது. நிறைந்த பக்கெட்டைப் பாதி உயரம் தூக்கிவிட்டு நின்றுவிடும். ஆக்ஸிலரேட்டரைக் கூட்டினால் இன்னும் கொஞ்சம் ஏறும்.

ஆயில் மட்டம் சரியாக இருக்கிறது. ஃபில்டர் போன மாதம்தான் மாற்றினேன். 46 நம்பர் ஆயிலுக்குப் பதில் அதைவிடக் கெட்டியான 68 ஊற்றிப் பார்த்தேன். கொஞ்ச நேரம் கூடுதலாகத் தாங்கியது, அப்புறம் பழையபடிதான். பார்த்தவர்கள் எல்லோரும் பம்பை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமென்றால் மாற்றுகிறேன். ஆனால் பம்ப்தான் என்று எப்படி உறுதி செய்வது? நான் ஓட்டக் கற்றுக்கொண்டதே இந்த வண்டியில்தான். விட மனசில்லை.

கிரீஸ்கை:

தம்பி, முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மெதுவாகத் தூக்குகிறதா, தூக்கவே பலம் இல்லையா? பம்ப் ஆயிலைத் தள்ளுகிறது. அந்த ஓட்டத்தைப் பாரம் தடுக்கும்போதுதான் பிரஷர் ஏறும். ஓட்டம் எங்காவது உள்ளுக்குள்ளேயே கசிந்தால் வேகமும் போகும், கடைசியில் பலமும் போகும். கெட்டியான 68 போட்டதும் கொஞ்சம் தேறியது என்கிறீர்கள். அது உள்கசிவுக்கான அடையாளம். உறிஞ்சும் பக்கம் அடைப்பு இருந்தால் பெரும்பாலும் நேர்மாறாக இருக்கும்: குளிரில்தான் பம்ப் ஊளையிடும், பூம் திணறும். ஆனால் ஒன்று, பழைய சக்ஷன் ஹோஸின் (டேங்கிலிருந்து பம்புக்கு ஆயில் வரும் குழாயின்) உள் ரப்பர் சூட்டில் இளகிச் சப்பையாகலாம். வெளியே பார்த்தால் ஹோஸ் நன்றாகவே இருக்கும். அதனால் சூடான நேரத்தில் அதை ஒருமுறை கையால் அமுக்கிப் பாருங்கள்.

கசியக்கூடிய இடம் நான்கு: பம்ப், ரிலீஃப் வால்வு (பிரஷர் அளவு மீறினால் ஆயிலை டேங்குக்கே திருப்பிவிடுவது), கண்ட்ரோல் வால்வின் ஸ்பூல் (லீவர் நகர்த்தும் உருளை), சிலிண்டர் பிஸ்டன் சீல். சூட்டில் பூம் மட்டும் தளர்கிறதா, பக்கெட்டைக் கவிழ்ப்பதும் தளர்கிறதா என்று பாருங்கள். இரண்டும் தளர்ந்தால் இரண்டுக்கும் பொதுவான பம்ப் அல்லது ரிலீஃப் வால்வுதான் குற்றவாளி. பூம் மட்டும் என்றால் அதன் சிலிண்டரும் ஸ்பூலும்.

அப்புறம் ஸ்டாப்வாட்ச். பம்ப் தகட்டில் ஒரு சுற்றுக்கு எத்தனை சிசி என்று இருக்கும். அதை ஆர்பிஎம்மால் பெருக்கினால் நிமிடத்துக்கு எவ்வளவு ஆயில் என்று வந்துவிடும். சிலிண்டரின் உள்விட்டத்தையும் ஸ்ட்ரோக்கையும் அளந்தால், தூக்க எத்தனை விநாடி ஆக வேண்டும் என்பது தெரியும். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம்.

சக்கரம்:

கிரீஸ்கை அண்ணன் சொன்ன ரிலீஃப் வால்வை லேசாக விடாதீர்கள். எனக்கு இதே நோய் வந்தபோது பம்பை மாற்றிவிட்டேன். வண்டி அப்படியே இருந்தது. ரிலீஃப் வால்வைக் கழற்றினால் சீட்டில் கடுகளவு உலோகத் துகள் ஒட்டியிருந்தது. வால்வு முழுதாக மூடவே இல்லை. கழற்றுவதற்கு முன் அட்ஜஸ்ட் ஸ்க்ரூ எத்தனை திருகு உள்ளே இருக்கிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். தளர்ச்சியை மறைக்க அதை இறுக்காதீர்கள், வேறு ஏதாவது வெடிக்கும்.

ஹோஸ் எதையும் கழற்றும் முன் பக்கெட்டைத் தரையில் இறக்கி, இன்ஜினை அணைத்து, லீவர்களை முன்னும் பின்னும் அசைத்து பிரஷரை விடுங்கள். கசிவு தேடக் கையை நீட்டவே கூடாது, அட்டையை நீட்டுங்கள். ஊசித் துளைக் கசிவு தோலுக்குள் ஆயிலை ஏற்றிவிடும். வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரி போக வேண்டிய விஷயம் அது.

மண்வெட்டி:

இரண்டு நாளாக இதேதான் வேலை. பம்ப் 22 சிசி, இன்ஜின் 1800 ஆர்பிஎம், பெருக்கினால் நிமிடத்துக்கு 40 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. சிலிண்டர் உள்விட்டம் 80 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 600. இரண்டுக்கும் சேர்த்து 6 லிட்டர். ஆக 9 விநாடி ஆக வேண்டும். குளிரில் காலி பக்கெட் 10 விநாடி. சூட்டில் காலி 13. சூட்டில் அரை பாரத்தோடு 24! அதாவது 40 லிட்டரில் 15தான் சிலிண்டருக்குப் போகிறது. பக்கெட் கவிழ்ப்பதும் தளர்ந்தது. பூமைத் தூக்கி இன்ஜினை அணைத்து, யாரும் பக்கத்தில் இல்லாமல், கால் மணி நேரம் பார்த்தேன். ஒரு விரல்கூட இறங்கவில்லை. சக்ஷன் ஹோஸ் விறைப்பாகவே இருந்தது.

பம்ப் வெளிவாயில் கேஜ் வைத்து, சிலிண்டரைக் கடைசிவரை ஓட்டி இரண்டு மூன்று விநாடி பிடித்தேன். குளிரில் 160 பார், கையேட்டில் இருப்பதும் அதுதான். சூட்டில் 95. ரிலீஃப் வால்வைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். சீட் பளபளப்பாக இருந்தது. மறுபடியும் 95.

கிரீஸ்கை:

அப்படியானால் பூம் இறங்காததால் சிலிண்டரும் ஸ்பூலும் குற்றவாளி இல்லை, ரிலீஃப் வால்வும் இல்லை. பம்பைத் திறக்கலாம் தம்பி. எந்தப் பாகம் எந்தப் பக்கம் என்று குறி போட்டுக்கொண்டு திறங்கள், திருப்பி மாட்டினால் சுழலும் திசை தப்பிவிடும். உள்ளே பக்கத் தகடுகளையும், அவற்றின் பின்னால் 3 வடிவத்தில் இருக்கும் ரப்பர் சீல்களையும் பாருங்கள். ஆயில் பிரஷர்தான் அந்தத் தகட்டை கியர் மேல் அழுத்தி வைக்கிறது. சீல் போனால் அழுத்தம் போகும், இடைவெளி விழும். உடலின் சக்ஷன் பக்கச் சுவரில் கியர் தேய்த்த தடம் லேசாக இருப்பது எல்லா பம்பிலும் உண்டு. ஆழமாக நகம் மாட்டினால் உடல் போய்விட்டது, சீல் கிட் போடுவது வீண்.

மண்வெட்டி:

திறந்தேன். ஒரு சீல் கருகிக் கெட்டியாகி, ஒரு முனை உடைந்து காணாமல் போயிருந்தது. தகட்டில் சீப்பால் வாரியதுபோல் கோடுகள். உடலில் நகம் மாட்டவில்லை. தகடு, சீல், ஷாஃப்ட் சீல் எல்லாம் மாற்றி, உள்ளே ஆயில் ஊற்றிக் கையால் சுற்றிவிட்டு மாட்டினேன். மறுபடி 46 நம்பர் ஆயில்தான். இப்போது சூட்டில் அரை பாரம் 11 விநாடி, கேஜில் 155.

ஆனால் அந்தக் கோடுகள் எங்கிருந்து வந்தன என்பது உறுத்திக்கொண்டே இருந்தது. டேங்கில் இருந்த ஆயிலை வடித்துவிட்டுக் கை விட்டால் அடியில் விரல் கனத்துக்குச் சேறு, தேய்த்தால் மணல் நெறுநெறுத்தது. மேலே பார்த்தேன். மூச்சுவிடும் மூடியைக் காணோம், அந்த ஓட்டையில் ஒரு துணி அடைத்துக் கயிறு கட்டியிருந்தது. ஒவ்வொரு முறை பூம் ஏறும்போதும் டேங்கில் மட்டம் இறங்கி, அந்தத் துணி வழியாகத்தான் தூசியோடு காற்று போயிருக்கிறது. தினமும் அதன் பக்கத்தில்தான் டீசல் ஊற்றுகிறேன், ஒரு நாளும் கண்ணில் படவில்லை. டேங்கைக் கழுவி, ஃபில்டர் உள்ள மூடி போட்டாயிற்று.

கிரீஸ்கை:

மனசு நிறைந்தது தம்பி. பத்து மணி நேரம் ஓட்டியதும் ரிட்டர்ன் ஃபில்டரை (டேங்குக்குத் திரும்பும் ஆயிலை வடிகட்டுவதை) ஒருமுறை மாற்றிவிடுங்கள். பழையதை வெட்டி, மடிப்பை விரித்து, வெயிலில் பிடித்துப் பாருங்கள். மினுமினுப்பாக ஏதாவது தெரிந்தால் இங்கே சொல்லுங்கள்.