பண்பாட்டில் மருத்துவமும் அறிவியலும்: வகுப்பை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி (கோபிசெட்டிபாளையம்):
வணக்கம். மருத்துவம், அறிவியல், தொழில்நுட்பம் ஆகியவை பண்பாட்டுக்குள் எப்படி இயங்குகின்றன என்ற பாடத்தை இரண்டாமாண்டு மாணவர்களுக்கு இந்தப் பருவத்தில் நடத்துகிறேன். பிளேக் என்னும் கொள்ளைநோயிலிருந்து காக்க வேண்டி மக்கள் வழிபட்ட, கோவையிலுள்ள பிளேக் மாரியம்மன் கோயில்களைப் பற்றி எழுதச் சொன்னபோது, ஒரு மாணவர் "அறியாமையின் அடையாளம்" என்று ஒரே வரியில் எழுதித் தாளைக் கொடுத்துவிட்டார். அந்த ஒரு வரியோடு விட்டுவிட எனக்கு மனமில்லை. அவரை எப்படி மேலே யோசிக்க வைப்பது?

மறுமொழி 1 (கோவை):
ஆசிரியருக்கு வணக்கம். சரியா தவறா என்று கேட்டால் விடை ஒரு வரியில்தான் வரும். ஆகவே ஆண்டுகளை முதலில் கரும்பலகையில் எழுதுங்கள். யெர்சின் ஹாங்காங்கில் பிளேக் கிருமியைக் கண்டறிந்தது 1894இல். ஹாஃப்கின் மும்பையில் தடுப்பூசியை உருவாக்கியது 1897இல். எலித்தெள்ளு நோயைப் பரப்புகிறது என்று சிமோன் கராச்சியில் காட்டியது 1898இல். நோய் கண்டவரைப் பிழைக்க வைத்த ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டதோ 1943இல்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவையில் பிளேக் பரவியபோது கிருமிக்குப் பெயர் இருந்தது, படுத்துவிட்டவருக்கு மருந்து இல்லை. அந்த இடைவெளியில் ஒரு குடும்பம் எதைப் பற்றிக்கொண்டு நின்றிருக்கும் என்று கேளுங்கள்.

என் வகுப்பில் ஒரு மாணவி, வீட்டில் தம்பிக்கு அம்மை போட்டிருந்தபோது வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்துச் செருகியதையும், அதைக் கண்டதும் பால்காரர் திண்ணையிலேயே பாலை வைத்துவிட்டுத் திரும்பியதையும் சொன்னார். அந்தக் கொத்து வழிபாடா, அறிவிப்பா என்று ஒரு மணி நேரம் பேசினோம்.

மறுமொழி 2 (ஈரோடு):
மேலே சொன்னதை ஏற்கிறேன், ஆனால் ஓர் எச்சரிக்கை. அறியாமை என்று எழுதிய அதே மாணவர் அடுத்த வாரம் "நம் முன்னோர் அன்றே எல்லாம் அறிந்திருந்தார்கள்" என்று எழுதிவிடுவார். இரண்டுமே யோசிக்காமல் எழுதுவதுதான். நான் மஞ்சளை எடுத்துக்கொள்வேன். காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு 1995இல் காப்புரிமை வழங்கப்பட்டது. இந்தியாவின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழு எதிர்த்து வாதாடியதால் 1997இல் அது ரத்தானது. எதிர்ப்புக்குச் சான்றாக நின்றவை பழைய சமஸ்கிருத நூல்களும் 1953இல் ஒரு மருத்துவ இதழில் வெளியான கட்டுரையும்தான். மஞ்சள் மண்டிக்கு அருகில் வளர்ந்த மாணவர்களிடம், தங்கள் ஆத்தா முழங்காலில் அரைத்துப் பூசிவிட்டது ஏன் சான்றாக முடியவில்லை என்று கேளுங்கள். அந்தத் தீர்ப்பு மஞ்சள் குணமாக்கும் என்று சொல்லவில்லை, அது புதிய கண்டுபிடிப்பு அல்ல என்று மட்டுமே சொன்னது என்பதையும் மறவாமல் சொல்லுங்கள்.

மறுமொழி 3 (பொள்ளாச்சி):
தொழில்நுட்பத்துக்கு வெட் கிரைண்டரே போதும். கோவை கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு உண்டு. ஆட்டுக்கல்லில் குழவியைச் சுற்றிய கை யாருடையது, மிச்சமான நேரம் யாருக்குப் போனது என்று வீட்டில் விசாரித்து வரச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. அந்த மாணவரின் தாளை மதிப்பெண் போடாமல் நாளை திருப்பிக் கொடுக்கிறேன். ஓரத்தில் 1894, 1943 என்ற இரண்டு ஆண்டுகளை மட்டும் எழுதி, இடையில் வாழ்ந்தவர்களைப் பற்றி எழுதி வரச் சொல்கிறேன்.