டானா ஆற்றில் சால்மன் பிடிக்கும் தடை நீடிக்க வேண்டுமா?

கரையூரான்:
நோர்வேக்கும் பின்லாந்துக்கும் எல்லையாக ஓடும் டானா ஆற்றில் 2021 முதல் அட்லாண்டிக் சால்மன் பிடிப்பது நிறுத்தப்பட்டது. முட்டையிடத் திரும்பும் தாய்மீன்கள் போதிய அளவு பெருகும்வரை இத்தடையைத் தளர்த்தக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. மீன்பிடியைக் குறைக்க இரு நாடுகளும் செய்துகொண்டு 2017-இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கை போதவில்லை என்பதை அடுத்த சில ஆண்டுகளே காட்டிவிட்டன.

தேன்மொழி:
ஐயா, அந்த ஆற்றங்கரையில் தலைமுறை தலைமுறையாக வாழும் பழங்குடியினரான சாமி மக்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையே. மிதவை வலையை எந்த நீரோட்டத்தில் விடுவது, ஆற்றில் கழிகளை நட்டு மீன்தடுப்பு அமைப்பது எப்படி என்பவை பெரியவர்களோடு படகில் சென்றே கற்கப்படுபவை. வலை இறங்காத ஒவ்வொரு கோடையிலும் அக்கல்வி அறுபடுகிறது. 2022-இல் பின்லாந்து உச்ச நீதிமன்றம், அனுமதிச் சீட்டின்றி உட்ஸ்யோக்கிப் பகுதியில் மீன் பிடித்த சாமி மக்கள் மீதான குற்றச்சாட்டுகளைத் தள்ளுபடி செய்ததும் அரசியலமைப்பு அவர்களுக்குத் தரும் உரிமையின் அடிப்படையில்தான்.

கரையூரான்:
அந்த உரிமையை நான் மறுக்கவில்லை. ஆனால் டானாவில் இருப்பது ஒரே மீன்கூட்டம் அன்று. சால்மன் தான் பிறந்த கிளையாற்றுக்கே திரும்புவதால், அங்கு மரபியல் அளவில் வேறுபட்ட ஏறத்தாழ 30 கூட்டங்கள் உள்ளன. முதன்மை ஆற்றில் இறக்கும் வலை, வளமான கூட்டத்தின் மீன் எது, மேல்பகுதியில் காராஸ்யொக்கா என்னும் கிளையாற்றுக்குச் செல்ல வேண்டிய நலிந்த கூட்டத்தின் மீன் எது என்று பிரித்தறியாது.

நீர்வழி:
ஓர் ஆற்றை மூடினால் பக்கத்து ஆற்றையும் எண்ண வேண்டும். 2021-இல் கிழக்கேயுள்ள நெய்டன் ஆறு கட்டுப்பாடுகளோடு திறந்தே இருந்தது. டானாவை இழந்த தூண்டில்காரர்கள் அங்கே குவிந்துவிடுவார்களோ என்ற கவலை நியாயமானது. சோவியத் காலத்தில் கோலா தீபகற்பத்து ஆறுகளில் விடப்பட்ட அயல்மீனான பசிபிக் இளஞ்சிவப்பு சால்மன், 2017 முதல் ஒற்றைப்படை ஆண்டுகளில் இவ்விரு ஆறுகளிலும் பெருவாரியாக ஏறுகிறது. அதற்கு எல்லைக்கோடு தெரியாது.

தேன்மொழி:
அதைத் தடுக்க 2023-இல் டானாவின் கீழ்ப்பகுதியில் அமைத்த வேலி எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. நீரோட்டம் அறிந்த சாமி மீனவர்களிடம் அப்பொறுப்பைக் கொடுத்திருக்கலாம். அயல்மீனும் அகன்றிருக்கும், வலைக்கல்வியும் தொடர்ந்திருக்கும். கூட்டங்கள் வேறு வேறு என்று நீங்களே சொல்லும்போது, நலமாக உள்ள கிளையாறுகளையும் சேர்த்து மூடுவதற்கு என்ன நியாயம்?

கரையூரான்:
இக்கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஒரு கிளையாற்றின் கூட்டம் முட்டையிடும் இலக்கை, அதாவது கூட்டம் நிலைக்கத் தேவையான தாய்மீன்களின் அளவை, எட்டியிருந்தால், அக்கிளையாற்றுக்குள் மட்டும், ஆண்டுதோறும் மீன்களை எண்ணிய பிறகு, சாமி மக்களுக்குச் சிறு அளவில் அனுமதி தருவதை ஏற்பேன். எல்லாக் கூட்டங்களும் கலந்து செல்லும் முதன்மை ஆற்றிலும் அதன் கழிமுகக் கடலிலும் அட்லாண்டிக் சால்மனுக்காக வலை இறக்குவதை மட்டும், காராஸ்யொக்கா மீளும்வரை, என்னால் ஏற்க முடியாது.